லோயருக்கும் வகுப்பு உண்டு

மார்கழி மாதத்துக் காலை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஸ்காபரோவிலிருந்து உறவினர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். நாட்டிலிருந்து வந்து எட்டு மாதம். அகதிக் கோரிக்கை கொடுத்து, விசாரணைக்குத் திகதியும் வந்து, காத்திருப்பவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வழக்கமாகச் "சுகமோ தம்பி" என்று தொடங்குபவர் அன்று சுகம் கேட்கவில்லை.

"தம்பி, நீர் காட்டிவிட்ட லோயர் இன்னும் படிச்சு முடிக்கேல்லையாமே?"

"ஆர் அண்ணை சொன்னது?"

"ஒப்பிசில இருக்கிற பிள்ளைதான் சொன்னது. நேற்று அந்தக் குளிருக்குள்ள மூண்டு பஸ் மாறிப் போனன். அவர் வகுப்புக்குப் போட்டார், நாளைக்கு வாங்கோ எண்டு சொல்லுது. தலை நரைச்ச மனுசன் என்ன வகுப்புக்குப் போறது? படிச்சு முடிக்காத ஆளிட்டையோ என்ர கேசைக் குடுத்தனான்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. எமது ஊரில் அப்புக்காத்தர், பிரக்கிராசியார், நொத்தாரிசு என்றால் படித்து முடித்தவர்கள். பரீட்சை பாஸ் பண்ணி ஊருக்கு வந்தால் மாலை போட்டு அழைத்துவருவோம். அதன் பிறகு அவரை யாரும் திரும்பப் படிக்கச் சொன்னதாக நாம் கேள்விப்பட்டதில்லை. 1974 ஜனவரியில் இலங்கையில் அப்புக்காத்து, பிரக்கிராசி என்ற இரண்டு பிரிவும் ஒன்றாகி எல்லோரும் சட்டத்தரணிகள் ஆன பின்பும், கறுப்புக் கோட்டின் மீது எமக்கிருந்த பயபக்தி மாறவில்லை. அந்தப் பயபக்தியையும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டுதான் இங்கு வந்து இறங்குகிறோம். லோயர் ஒன்று சொன்னால் திருப்பிக் கேட்பதில்லை. விளங்காவிட்டாலும் "ஓம், ஓம்" என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து, பஸ் தரிப்பிடத்தில் நிற்கும் இன்னொரு தமிழரிடம் "அவர் என்ன சொன்னவர்?" என்று கேட்கிறோம்.

ஒன்ராறியோவில் நிலைமை வேறு. இங்கு வழக்குப் பேசும் சட்டத்தரணி ஒருவர், அவருக்கு எத்தனை வயதானாலும் எத்தனை வருட அனுபவம் இருந்தாலும், ஆண்டுதோறும் 12 மணித்தியாலம் படித்தே ஆகவேண்டும் என்ற விதி 2011 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தப் 12இல் குறைந்தது 3 மணித்தியாலம் தொழில் ஒழுக்கம், தொழிலை முறையாக நடத்துவது ஆகியவை பற்றியதாக இருக்கவேண்டும். மிச்சம் 9 மணித்தியாலம் அவரவர் செய்யும் சட்டத்துறை பற்றியதாக இருக்கலாம். ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை ஒரு கணக்கு. இந்த வருடம் கூடுதலாகப் படித்தேன், அதை அடுத்த வருடத்துக்கு வரவு வையுங்கள் என்று கேட்க முடியாது. வகுப்பில் இருப்பது மட்டுமல்ல, கற்பிப்பது, கட்டுரை எழுதுவது, இளையவர்களுக்கு வழிகாட்டுவது போன்றவையும் ஓரளவுக்குக் கணக்கில் சேரும். முடித்ததை டிசம்பர் 31க்குள் அறிவிக்கவேண்டும். அறிவிக்காமல் இழுத்தடித்தால் தொழில் செய்யும் அனுமதி இடைநிறுத்தப்படும். மார்கழி மாதம் பிறந்ததும் சில லோயர்மார் வகுப்பு வகுப்பென்று ஓடுவதன் இரகசியம் இதுதான். பரீட்சைக்கு முதல்நாள் இரவு கண்விழிக்கும் பழக்கம் எந்த நாட்டிலும் போகாது போலும்.

அண்ணருக்கு இதைச் சொன்னேன். "அப்ப இது தண்டனை இல்லையோ?" என்றார். தண்டனை இல்லை. வகுப்புக்குப் போகாதவருக்குத்தான் தண்டனை.

இந்த விதியைப் போடுவது யார்? அரசாங்கம் அல்ல. சட்டத்தரணிகள் தம்மைத் தாமே ஆளுவதற்கு வைத்திருக்கும் சங்கம். 1797ஆம் ஆண்டு ஜூலை மாதம், இன்று நயாகரா ஒன் த லேக் என்று நாம் விருந்தினர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் படம் பிடிக்கும் அதே ஊரில், ஒரு விடுதியில் பத்துச் சட்டத்தரணிகள் கூடி ஆரம்பித்த சங்கம் அது. 'அப்பர் கனடா லோ சொசைட்டி' என்ற பழைய பெயரை 2018இல் மாற்றி 'லோ சொசைட்டி ஒஃப் ஒன்ராறியோ' ஆக்கினார்கள். ரொறன்ரோவில் குயீன் வீதியில் நகரமண்டபத்துக்குப் பக்கத்தில் இரும்பு வேலி போட்ட பழைய கட்டடம் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். ஒஸ்கூட் ஹோல் என்பது அதுதான். அந்த வேலியின் வாசல்கள் ஆள் மட்டும் நுழையக்கூடியதாக நெளிந்து நெளிந்து இருக்கும். அந்தக் காலத்தில் மாடு உள்ளே வராமல் அப்படிக் கட்டினார்கள் என்று ஒரு கதை உண்டு. மாட்டைத் தடுக்கப் படலை கட்டிய ஊரிலிருந்து வந்த எமக்கு அதை நம்புவதில் சிரமம் இல்லை.

ஒன்ராறியோ இதில் முதலாவதும் அல்ல. கனடாவில் இந்தக் கட்டாயப் படிப்பை முதலில் கொண்டுவந்தது பிரிட்டிஷ் கொலம்பியா, 2009இல். மனிற்றோபா 2012இல் கொண்டுவந்தது. அங்குதான் ஒரு சுவையான வழக்கு எழுந்தது.

சிட்னி கிறீன் என்பவர் 1955இல் மனிற்றோபாவில் சட்டத்தரணியாகச் சேர்ந்தவர். மாகாண அமைச்சராகவும் இருந்தவர். 2012இலும் 2013இலும் தாம் வகுப்பு எதற்கும் போனதாக அவர் அறிவிக்கவில்லை. 2014இல் சங்கம் அவருக்குக் கடிதம் போட்டது: 60 நாளுக்குள் முடியுங்கள், இல்லாவிட்டால் உங்கள் அனுமதி இடைநிறுத்தப்படும். அவர் வகுப்புக்குப் போகவில்லை, வழக்குக்குப் போனார். என்னைக் கூப்பிட்டு விசாரிக்காமல், நான் சொல்வதைக் கேட்காமல், தானாகவே அனுமதியை நிறுத்துவதற்குச் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை என்பது அவருடைய வாதம். வழக்கு ஒட்டாவாவில் உச்ச நீதிமன்றம் வரை போய், 2017 மார்ச் 30ஆம் திகதி தீர்ப்பானது. ஏழு நீதிபதிகளில் ஐந்து பேர் சங்கத்தின் பக்கம். பொதுமக்களைப் பாதுகாக்கவேண்டிய கடமை சங்கத்துக்கு உண்டு, படிக்கச் சொல்வது அந்தக் கடமைக்குள் அடங்கும், இது ஒழுக்கக்கேட்டுக்கான தண்டனை அல்ல, படிப்பை முடித்தால் அனுமதி திரும்பக் கிடைக்கும் என்றார்கள். இரண்டு நீதிபதிகள் மறுத்தார்கள். ஒரு சட்டத்தரணியின் நம்பகத்தன்மையைப் பாதிக்கும் காரியத்தை அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்வது சரியல்ல என்பது அவர்கள் கருத்து.

ஐந்து பேர் சொன்னதே சரி என்பது என் எண்ணம். ஆனால் அந்த இரண்டு பேர் சொன்னதையும் என்னால் தள்ளிவிட முடியவில்லை. ஒருவரைக் கேட்காமல் அவரைப் பற்றி முடிவெடுப்பது என்றால் என்ன என்று எமக்குத் தெரியும். 1985 ஏப்ரல் 4ஆம் திகதி சிங் வழக்கில் இதே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் வரை, இந்த நாட்டில் அகதிக் கோரிக்கையாளர் பலருடைய தலைவிதி, அவர்களை நேரில் கேட்காமல் தாளை மட்டும் பார்த்தே தீர்க்கப்பட்டது. இன்று நீங்களும் நானும் விசாரணை அறையில் வாய் திறந்து பேசுவது அந்தத் தீர்ப்பால்.

படித்தது பழசாகிவிடும்

அறுபது வருட அனுபவம் உள்ளவர் எதற்காகத் திரும்பப் படிக்கவேண்டும்? எமது வழக்குகளையே எடுத்துப் பாருங்கள். 1989 ஜனவரியில் அகதிகள் சபை இயங்கத் தொடங்கியது. அப்போது சட்டத்தைப் படித்து, அத்தோடு புத்தகத்தை மூடிவைத்த லோயர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2002 ஜூன் மாதம் புதிய குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது அவருக்குத் தெரியாது. 2012 டிசம்பரில் பழைய 'பிஃப்' படிவம் போய் இன்றைய 'பி.ஓ.சி.' படிவம் வந்ததும், அகதிகள் மேல்முறையீட்டுப் பிரிவு திறக்கப்பட்டதும் தெரியாது. மறுப்புக் கடிதம் கிடைத்தால் மேல்முறையீட்டு அறிவித்தலை 15 நாளுக்குள் கொடுக்கவேண்டும் என்பதும் தெரியாது. பதினாறாவது நாள் அவர் விழித்துக்கொண்டால் யாருக்கு நட்டம்? அவருக்கு ஒரு கோப்பு. உங்களுக்கு ஒரு குடும்பம்.

இப்போது கணினியால் வந்த புதுச் சங்கடமும் உண்டு. செயற்கை அறிவுக் கருவியிடம் கேட்டால் தீர்ப்புகளைக் கோர்வையாக எழுதித் தரும், ஆனால் அவற்றில் சில உலகத்திலேயே இல்லாதவையாக இருக்கும். 2024இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு குடும்ப வழக்கில் இது வெளிப்பட்டது. 2025 மே மாதம் ஒன்ராறியோ மேல் நீதிமன்றத்திலும் ஒரு நீதிபதி, தம் முன் வைக்கப்பட்ட எழுத்து வாதத்தில் காட்டியிருந்த சில தீர்ப்புகள் இல்லாதவை போலத் தெரிகின்றனவே என்று சட்டத்தரணியிடம் விளக்கம் கேட்கவேண்டி வந்தது. எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் இந்தக் கண்ணியை 1990இல் யாரும் படித்திருக்க முடியாது.

வேறுபட்ட சமூகத்தவரோடு பழகும் முறையும் படிப்பில் சேர்க்கப்பட்டது. 2018 முதல் 2020 வரையான மூன்று வருடத்துக்குள் சமத்துவம் பற்றி 3 மணித்தியாலம், 2021 முதல் ஆண்டுக்கு ஒரு மணித்தியாலம் என்று விதி வந்தது. ஒரு மணித்தியாலத்தில் என்ன படித்துவிடலாம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். முகத்தைப் பார்த்துப் பேசாதவர் பொய்யர் அல்ல, எங்கள் ஊரில் அது மரியாதை என்பதையும், நாங்கள் "ஓம்" என்று சொன்னால் "விளங்கிவிட்டது" என்று அர்த்தமில்லை, "நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றே அர்த்தம் என்பதையும் ஒரு லோயர் அந்த ஒரு மணித்தியாலத்தில் அறிந்துகொண்டால், ஒரு குடும்பமாவது தப்பும்.

மூன்று மணித்தியாலத்துக்குள் என்ன இருக்கிறது

ஒழுக்கம் பற்றிய அந்த 3 மணித்தியாலம்தான் எமக்கு நேரடியாகப் பயன்படுவது. லோயருக்கு அங்கே கடமை என்று சொல்லிக்கொடுப்பது எல்லாம் எமக்கு உரிமை.

முதலாவது, இரகசியம். நீங்கள் சொன்னதை அவர் உங்கள் அனுமதியில்லாமல் வெளியே சொல்லக்கூடாது. அவருடைய அலுவலகத்தில் வேலை செய்பவர்களும் இரகசியம் காக்கிறார்களா என்று பார்ப்பது அவருடைய பொறுப்பு. வழக்கு முடிந்த பிறகும் இந்தக் கடமை முடிவதில்லை. தடுப்பு முகாமில் தமக்கு நடந்ததைச் சொல்லாமலே விசாரணைக்குப் போய், நிராகரிக்கப்பட்டு வந்த பெண்கள் எம்மிடையே இருக்கிறார்கள். உரைபெயர்க்க வந்தவர் தெரிந்தவர் என்பதால் சிலர் சொல்லவில்லை. கணவர் பக்கத்தில் இருந்ததால் சிலர் சொல்லவில்லை. தாய்மாரே, சகோதரிகளே, வேறு உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். தனியாகப் பேசவேண்டும் என்றும் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை.

கணவன், மனைவி இருவருக்கும் ஒரே லோயர் என்றால் ஒரு விடயத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ளவேண்டும். அப்படி இருவருக்காகவும் சேர்ந்து வழக்குப் பேசும்போது, ஒருவர் சொன்னதை மற்றவருக்கு மறைக்க அவரால் முடியாது. இருவருக்கும் இடையில் முரண்பாடு வந்து தீராவிட்டால், அவர் இருவருக்குமாகத் தொடர்ந்து வழக்குப் பேச முடியாமல் போகலாம். இவற்றை ஆரம்பத்திலேயே இருவருக்கும் விளக்கவேண்டியது லோயரின் கடமை. அவர் விளக்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். கணவரிடம்கூடச் சொல்லாத ஒன்று உங்களிடம் இருந்தால், அதைச் சொல்வதற்கு முன்னரே தனி லோயர் வேண்டும் என்று கேளுங்கள்.

இரண்டாவது, காசு. எமது ஆட்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. செய்யப்போகும் வேலைக்காக முற்பணமாக நீங்கள் கொடுக்கும் காசு, வேலை செய்து கணக்குக் கொடுக்கும் வரை உங்களுடைய காசுதான். அதை அவர் தம் சொந்தக் கணக்கில் போடக்கூடாது. நம்பிக்கைக் கணக்கு என்று ஒன்று வங்கியில் தனியாக இருக்கும், அதில் போடவேண்டும். தாளாகக் கொடுத்தால் பற்றுச்சீட்டுத் தரவேண்டும், அதன் பிரதி அவரிடமும் இருக்கவேண்டும். ஒரு வழக்குக்குத் தாளாக 7,500 டொலரோ அதற்கு மேலோ வாங்கக்கூடாது என்பது பொது விதி, விதிவிலக்கு மிகச் சில. சட்ட உதவிச் சான்றிதழில் உங்கள் வழக்கை எடுத்தவர், அந்தச் சான்றிதழுக்குள் அடங்கும் வேலைக்கு உங்களிடம் மேலதிகமாக ஒரு சதமும் கேட்க முடியாது. "அது அவங்கள் தாறது, இது எனக்கு" என்ற பேச்சு வந்தால் எழும்பி வாருங்கள். உங்களிடம் கடன் கேட்பதும் அவருக்கு விலக்கப்பட்டது, நீங்கள் சீட்டு எடுத்திருக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரிந்தாலும்.

இனி, 'ஆள் பிடித்துக் கொடுப்பவர்'. கோயிலில், கடையில், கலியாண வீட்டில் எங்கும் இவரைக் காணலாம். "எனக்குத் தெரிஞ்ச லோயர் இருக்கிறார், நான் கதைக்கிறன்" என்பார். உதவி மனப்பான்மையோடு சொல்பவர்களே அதிகம், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் சட்டத்தரணி அல்லாத, சட்டத் துணையாளர் அனுமதியும் இல்லாத ஒருவருக்கு, ஆளைக் கொண்டுவந்ததற்காக லோயர் பணமோ வேறு பலனோ கொடுக்கக்கூடாது என்று ஒழுக்கவிதி தெளிவாகச் சொல்கிறது. சட்டத்தரணிகள் தமக்குள் கொடுத்துவாங்கும் அறிமுகக் கட்டணத்துக்கே 2017இல் எல்லை போட்டார்கள்: முதல் 50,000 டொலர் கட்டணத்தில் 15 வீதம், அதற்கு மேல் 5 வீதம், எப்படியும் மொத்தம் 25,000 டொலருக்கு மேல் போகக்கூடாது. அதையும் வழக்குக்காரருக்கு மறைக்காமல் சொல்லவேண்டும். கார் விபத்து வழக்குகளில் இது முக்கியம். உங்களை ஒருவர் கையைப் பிடித்து லோயரிடம் கூட்டிக்கொண்டு போனால், "இதில உங்களுக்கு ஏதாவது வருமோ?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுப் பாருங்கள். பதிலைவிட முகம் அதிகம் சொல்லும்.

எந்தக் கதவில் 'இமிக்ரேஷன்' என்று எழுதியிருந்தாலும் அதற்குள் இருப்பவர் சட்டத்தரணி என்று நினைக்கவேண்டாம். காசு வாங்கிக்கொண்டு குடிவரவு, அகதி வழக்குகளில் உங்களுக்காக நிற்பதற்கு ஒன்ராறியோவில் மூன்று விதமானவர்களுக்கு உரிமை உண்டு. சட்டத்தரணிகள் ஒன்று. 2007 முதல் அதே லோ சொசைட்டியின் அனுமதி பெற்று வரும் பராலீகல் எனப்படும் சட்டத் துணையாளர்கள் இரண்டு. அவர்கள் அகதிகள் சபையின் முன் தோன்றலாம். 2021 நவம்பரில் தொடங்கிய குடிவரவு ஆலோசகர் கல்லூரியின் அனுமதி உள்ளவர்கள் மூன்று. ஆலோசகர்களிலும் எல்லோரும் அகதி விசாரணைக்கு வர முடியாது. அதற்கென்று தனி வகுப்பு அனுமதி வேண்டும் என்று 2022 ஜூலை முதல் விதி. இவர்களைத் தவிர மற்ற யார் காசு வாங்கினாலும் அது சட்டவிரோதம். அவர்களுக்கு வகுப்பும் இல்லை, ஒழுக்கவிதியும் இல்லை, கேட்பதற்கு ஒரு சங்கமும் இல்லை. இன்னொன்று: கதவில் 'நோட்டரி' என்று இருந்தால் எமது ஊர் நொத்தாரிசை நினைத்து ஏமாறவேண்டாம். இங்கு நோட்டரி முத்திரை மட்டும் ஒருவரைச் சட்டத்தரணி ஆக்குவதில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது? லோ சொசைட்டி தன் அங்கத்தவர் பெயர்ப்பட்டியலைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கிறது. பெயரைக் கொடுத்துத் தேடினால், அவருக்கு இப்போது அனுமதி இருக்கிறதா, இடைநிறுத்தப்பட்டிருக்கிறதா, ஒழுக்க நடவடிக்கை நடந்திருக்கிறதா என்று தெரியும். பள்ளிக்குப் போகும் உங்கள் பிள்ளை இரண்டு நிமிடத்தில் பார்த்துச் சொல்லும். புதிதாக ஒருவரைத் தேடுபவர்களுக்குச் சங்கம் ஒரு பெயரைத் தந்து, முதல் அரை மணித்தியாலம் வரை இலவசமாகக் கதைக்க ஒழுங்கு செய்யும் சேவையும் உண்டு.

பிழை நடந்தால் சங்கத்திடம் முறைப்பாடு செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை. குடியுரிமை இருக்கவேண்டும், நிரந்தர வதிவிடம் இருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. பாரதூரமான முறைப்பாடுகள் 2014இல் அமைக்கப்பட்ட தனித் தீர்ப்பாயத்துக்குப் போகும். அதன் விசாரணைகள் பொதுவாகப் பகிரங்கமானவை. சட்டத்தரணி நேர்மையீனமாக உங்கள் காசை எடுத்துவிட்டால், 1953 முதல் இருக்கும் நட்டஈட்டு நிதியத்திடம் கேட்கலாம். ஒருவருக்கு 5 இலட்சம் டொலர் வரை அதன் எல்லை. கவனக்குறைவால் வழக்குக் கெட்டால் அது வேறு. அதற்கு லோயர்மார் கட்டாயமாக வைத்திருக்கவேண்டிய காப்புறுதி உண்டு. கட்டணம் கூடிப்போய்விட்டது என்று நினைத்தால் கணக்குத் தாள் கிடைத்து ஒரு மாதத்துக்குள் நீதிமன்ற அதிகாரி ஒருவரைக் கொண்டு சரிபார்ப்பிக்கலாம்.

ஆனால் ஒன்றை மறக்கவேண்டாம். முறைப்பாடு செய்ததால் உங்கள் அகதி வழக்கின் நாட்கள் நின்றுவிடாது. அந்த 15 நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். முதலில் வேறொரு லோயரைப் பிடித்து வழக்கைக் காப்பாற்றுங்கள், பிறகு முறைப்பாட்டை எழுதுங்கள். இந்த ஒழுங்கை மாற்றிச் செய்து, முறைப்பாட்டில் வென்று வழக்கில் தோற்கவேண்டாம்.

அண்ணரின் படிவம்

எமது அண்ணர் அடுத்த நாள் பின்னேரம் திரும்பப் போனார். வகுப்பிலிருந்து வந்த லோயர், ஒரு உரைபெயர்ப்பாளரை இருத்தி, அவருடைய பி.ஓ.சி. படிவத்தை முதல் வரியிலிருந்து தமிழில் வாசிப்பித்தார். அந்தப் படிவம் இந்த லோயர் எழுதியதல்ல. வந்த புதிதில், "எல்லாருக்கும் நான்தான் எழுதிக் குடுக்கிறனான்" என்று சொன்ன ஒருவரிடம் காசு கொடுத்து எழுதுவித்தது. பற்றுச்சீட்டுக் கிடையாது. படிவத்தின் முடிவில், தமக்கு இது தமது மொழியில் வாசித்து விளக்கப்பட்டது என்று அண்ணர் கையெழுத்து வைத்திருந்தார். ஒருவரும் வாசிக்கவும் இல்லை, விளக்கவும் இல்லை.

வாசித்துக்கொண்டு போகும்போது, இராணுவம் அவரை இரண்டு முறை பிடித்ததாக வந்தது.

"ஒருமுறைதானே" என்றாராம் அண்ணர்.

பேனை கீழே வந்துவிட்டது. லோயர் திரும்பத் திரும்பக் கேட்டார். ஒருமுறைதான். இரண்டாவது தடவை எழுதியவரின் கைச்சரக்கு. இரண்டு தடவை என்றால் வழக்குப் பலமாக இருக்கும் என்று அவர் நினைத்திருக்கிறார். வேறு எத்தனை பேருடைய படிவத்தில் அதே இரண்டாவது கைது, அதே சொற்களில் இருக்கிறதோ தெரியாது. சபையில் இருப்பவர்கள் வருடக்கணக்காக எமது கதைகளைப் படிப்பவர்கள் என்பதை எழுதியவர் யோசிக்கவில்லை.

அன்றிரவு எனக்குத் திரும்பவும் தொலைபேசி.

"அவர் அந்த ரெண்டாவதை வெட்டவேணுமாம், தம்பி. வெட்டாட்டில் தான் வரமாட்டாராம். இவர் எனக்கு லோயரோ, அவங்களுக்கு லோயரோ?"

இதுதான் அந்த மூன்று மணித்தியாலப் படிப்பின் மிகக் கடினமான பாடம். லோயர் உங்கள் பக்கம் நிற்கவேண்டும், உங்கள் இரகசியத்தைக் காக்கவேண்டும். ஆனால் பொய் என்று தமக்குத் தெரிந்த ஒன்றைத் தீர்ப்பாயத்தின் முன் வைக்க அவருக்கு அனுமதி இல்லை. நீங்கள் அவரிடம் சொன்ன உண்மையை அவர் சபைக்குப் போய்க் காட்டிக்கொடுக்கவும் மாட்டார். திருத்துங்கள் என்று கேட்பார். மறுத்தால் விலகிக்கொள்வார். விலகிய காரணத்தையும் வெளியே சொல்லமாட்டார். இதை அண்ணருக்கு விளங்கப்படுத்த எனக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தது. அவருக்குப் பயம். ஒன்றை மாற்றினால் எல்லாமே பொய் என்று நினைப்பார்களே என்பது அவருடைய பயம். அது காரணமில்லாத பயம் அல்ல. ஏன் மாற்றினீர்கள் என்று விசாரணையில் நிச்சயம் கேட்பார்கள். ஆனால் நடக்காத கைதைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது? அறை எப்படி இருந்தது, யார் அடித்தது, எப்படி விட்டார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். நடந்த கைதைச் சொல்லும்போதே அவருக்கு நாக்குழறும். நடக்காததை எங்கே போய்த் தேடுவது?

"அந்த ஒருக்காப் பிடிச்சது காணாதே, தம்பி?" என்றார் கடைசியில். அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

படிவத்தில் மாற்றம் செய்வதென்றால், எது மாறுகிறது என்று கோடிட்டுக் காட்டி, கையெழுத்து வைத்து, விசாரணைக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்னர் சபைக்குக் கிடைக்கச் செய்யவேண்டும். அவருக்கு 23 நாள் இருந்தது. நான்காவது நாள் மூன்று பஸ் மாறிப் போனார். லோயர் திருத்தத்தை ஆங்கிலத்தில் தயாரித்து வைத்திருந்தார். கையெழுத்து வைக்கும் இடத்தைக் காட்டியபோது, அண்ணர் பேனையை எடுக்கவில்லையாம்.

"முதல்ல தமிழில வாசியுங்கோ" என்றாராம் உரைபெயர்ப்பாளரிடம். வாசித்தார்கள். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகுதான் கையெழுத்து வைத்தார். வெளியே வரும்போது, அன்று கட்டிய காசுக்குப் பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்கிச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.

விசாரணை வரும் செவ்வாய்க்கிழமை.